மூளைக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் இத்தனை படங்கள் ஏன் தேவைப்படுகின்றன?

வைகறை:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 36. இதுவரை பெரிய நோய் எதுவும் இல்லாதிருந்த அவனுக்குத் திடீரென வலிப்பு வந்தது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மூளையின் இடப்பக்க முன்மடலில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் காடோலினியம் ஊசி போட்ட பிறகு எடுத்த படத்திலும் அந்தக் கட்டி பளிச்சிடவில்லை என்பதால், மெதுவாக வளரும் க்ளையோமாவாக (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டியாக) இருக்க வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார்கள். இதற்கிடையில் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ., நரம்பிழைத் தடப் படம், ஸ்பெக்ட்ராஸ்கோப்பி, முடிந்தால் பெட் ஸ்கேன் என்று மேலும் சில பரிசோதனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சையின் ஒரு கட்டத்தில் அவன் விழித்திருந்து பேச வேண்டியிருக்கும் என்றும் கூறினார்கள்.

கட்டி இருக்கும் இடமும் அதன் அளவும் முதல் படத்திலேயே தெரிந்துவிட்ட நிலையில், இந்தக் கூடுதல் படங்கள் சிகிச்சை முடிவை உண்மையிலேயே மாற்றுமா என்பது என் முதல் கேள்வி. வலிப்பு மாத்திரையில் அடங்கிவிட்டது, வேறு தொந்தரவும் இல்லை, எனவே சில காலம் கண்காணித்துவிட்டுப் பிறகு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாமே என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது இரண்டாவது. இவ்வகைக் கட்டிகளுக்குப் புதிய மாத்திரை ஒன்று வந்திருப்பதாகவும் படித்தேன். அது யாருக்குப் பொருந்தும் என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் மருத்துவர்கள்மீது முழு நம்பிக்கை இருக்கிறது; அவர்களிடம் சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இங்கு எழுதுகிறேன்.

தெளிநீர்:

வணக்கம் சகோதரி. மூளை, தண்டுவடப் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர் நான். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான விடை: மாற்றும். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை தருபவை அல்ல. கட்டியின் இயல்பு என்ன என்று கேட்பவை சில. அதைச் சுற்றி எவை இருக்கின்றன என்று கேட்பவை வேறு சில.

1971இல் லண்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்படும் வரை, மூளைக்குள் கட்டி இருக்கிறதா என்பதையே பெரும்பாலும் இரத்தக்குழாய்கள் இடம் விலகியிருப்பதை வைத்தோ, மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயை வைத்தோ ஊகிக்க வேண்டியிருந்தது. எம்.ஆர்.ஐ. வந்த பிறகு வடிவம் மில்லிமீட்டர் கணக்கில் தெரியத் தொடங்கியது. இருப்பினும் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் திசுவில் உள்ள நீரின் நிலையைக் காட்டுகிறது. காடோலினியம், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே இயற்கை அமைத்துள்ள தடுப்பு எங்கே உடைந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உங்கள் தம்பியின் கட்டி பளிச்சிடவில்லை என்றால், அந்தத் தடுப்பு அங்கே பெருமளவு உடையவில்லை என்று பொருள். அது ஆறுதலான அடையாளம்தான். ஆயினும் பளிச்சிடாத க்ளையோமாக்களிலும் ஒரு கணிசமான பகுதி, திசுவை எடுத்துப் பார்க்கும்போது உயர்நிலைக் கட்டியாக, அதாவது வேகமாக வளரும் வகையாக, வெளிப்படுவதுண்டு. உங்கள் மருத்துவர்கள் உறுதி சொல்லத் தயங்குவது இதனால்தான். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன்.

கட்டிக்குள் இரத்த ஓட்டம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ. அளக்கிறது. புதிய இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்ளும் கட்டி பொதுவாக வேகமாக வளரும் கட்டியாக இருக்கும். ஆனால் ஒலிகோடென்ட்ரோக்ளையோமா என்ற வகையில் மெதுவாக வளரும் நிலையிலேயே இரத்த ஓட்டம் கூடுதலாகத் தெரியலாம் என்பதால் இந்த ஓர் அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஸ்பெக்ட்ராஸ்கோப்பி திசுவின் வேதியியலைப் படிக்கிறது. நலமான நரம்பணுக்களின் அடையாளமான என்.ஏ.ஏ. குறைந்து, செல் சவ்வுகள் வேகமாக உருவாவதைக் காட்டும் கோலின் கூடியிருந்தால் கட்டி என்ற ஐயம் வலுக்கிறது. இதில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் முன்னேற்றம் ஒன்று உண்டு. ஐ.டி.எச். என்ற மரபணுவில் மாற்றம் உள்ள க்ளையோமாக்கள் 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைத் தமக்குள் சேர்த்துக்கொள்கின்றன; தலையைத் திறக்காமலேயே அந்தப் பொருளை ஸ்பெக்ட்ராஸ்கோப்பியில் கண்டறிய முடிகிறது. இதற்குச் சிறப்பு மென்பொருளும் பழகிய குழுவும் வேண்டும் என்பதால் எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் படவகைகளில் டி2 படத்தில் கட்டி முழுவதும் வெண்மையாகத் தெரிந்து, ஃப்ளேர் படத்தில் விளிம்பு மட்டும் வெண்மையாகவும் உட்பகுதி மங்கியும் தெரிந்தால், பெரியவர்களில் அது பெரும்பாலும் ஐ.டி.எச். மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற க்ளையோமா வகைதான். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, படத்தைக் கவனித்துப் பார்த்தாலே போதும்.

பெட் ஸ்கேன் விஷயத்தில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த மருந்தை ஏற்றி எடுக்கப் போகிறார்கள் என்று. வழக்கமான குளுக்கோஸ் வகை மருந்து மூளைக் கட்டிகளுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மூளை இயல்பாகவே குளுக்கோஸை ஏராளமாக உட்கொள்வதால் கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகலாம். மெத்தியோனின், எஃப்.ஈ.டி. போன்ற அமினோ அமில வகை மருந்துகளை நலமான மூளை குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. கட்டி அதிகம் எடுத்துக்கொள்கிறது. கட்டியின் எந்த மூலை மிகத் தீவிரமாக இருக்கிறது என்பதை அது காட்டும்போது, பயாப்ஸிக்கான திசுவை அங்கிருந்து எடுக்கலாம். தவறான இடத்திலிருந்து எடுத்த திசு, கட்டியை உள்ளதைவிடச் சாதுவானது என்று காட்டிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது.

செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யையும் நரம்பிழைத் தடப் படத்தையும் பற்றி, அவற்றைக் கத்தியோடு பயன்படுத்துபவர்கள் எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

செங்காந்தள்:

நான் நரம்பியல் அறுவை மருத்துவர். தெளிநீர் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

க்ளையோமாவுக்குச் சுவர் கிடையாது. ஈரத் துணியில் மை ஊறுவதைப் போல அது மூளைக்குள் ஊடுருவியிருக்கும். படத்தில் தெரியும் எல்லைக்கு அப்பாலும் கட்டியணுக்கள் இருக்கும். ஆகவே எங்கள் முன்னுள்ள கேள்வி, எவ்வளவு எடுத்தால் உங்கள் தம்பி பேச்சையும் கை அசைவையும் இழக்காமல் இருப்பார் என்பதுதான். இடப்பக்க முன்மடலில் பேச்சுக்கான பகுதிகளும் அவற்றை மூளையின் பின்பகுதியோடு இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளும் உள்ளன. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ., அவர் சொற்களை நினைக்கும்போது எங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது என்பதைக் காட்டும். நரம்பிழைத் தடப் படம், நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்பதைக் கொண்டு அந்தக் கற்றைகளின் பாதையைக் கணித்து வரையும். எந்தப் பக்கமாக உள்ளே செல்வது, எந்த இடத்தில் நின்றுகொள்ள வேண்டியிருக்கும், நோயாளியை விழிக்கச் செய்ய வேண்டுமா என்பவற்றை இவற்றைப் பார்த்தே திட்டமிடுகிறோம்.

ஆனால் இவற்றை நான் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டிக்கு அருகே இரத்தக்குழாய்களின் இயல்பு மாறியிருப்பதால், வேலை செய்யும் பகுதிகூடப் படத்தில் மௌனமாகத் தெரியலாம். வீக்கம் உள்ள இடத்தில், உண்மையில் இருக்கும் நரம்பிழை தடப் படத்தில் காணாமல் போகலாம். படத்தில் இழை தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் வெட்டுவது ஆபத்து. மேலும் மண்டையோட்டைத் திறந்து, நீர் வடிந்து, கட்டியின் ஒரு பகுதியை எடுத்ததும் மூளை தாழ்ந்துவிடும். சில நேரங்களில் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் இடம் மாறும். காலையில் எடுத்த படத்தை வைத்து வழிகாட்டும் கருவி அப்போது பழைய இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அறுவை அரங்கிலேயே அல்ட்ராசவுண்டும், வசதி உள்ள இடங்களில் எம்.ஆர்.ஐ.யும் பயன்படுத்தப்படுவது இதனால்தான். பளிச்சிடும் க்ளையோமா உள்ள 58 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அரங்கினுள் எம்.ஆர்.ஐ. எடுத்த குழுவில் 96 விழுக்காட்டினருக்கும், எடுக்காத குழுவில் 68 விழுக்காட்டினருக்கும் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது.

விழித்திருக்கும் அறுவை சிகிச்சை என்றதும் குடும்பத்தார் அஞ்சுவது இயல்பு. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு இல்லை. தோலையும் எலும்பைச் சுற்றியுள்ள பகுதிகளையும் மரத்துப்போகச் செய்துவிடுவோம். பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் உறக்கத்தில்தான் இருப்பார். நடுவில் அவர் படங்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டும் கையை அசைத்துக்கொண்டும் இருக்கும்போது, மூளையின் ஒரு புள்ளியில் மெல்லிய மின்தூண்டல் கொடுப்போம். பேச்சு தடைப்பட்டால் அந்தப் புள்ளியைத் தொடமாட்டோம். 8,091 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வில், இந்த மின்தூண்டல் முறையைப் பயன்படுத்தியவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும், பயன்படுத்தாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் நீண்டகாலக் கடுமையான குறைபாடு ஏற்பட்டிருந்தது. முதல் குழுவில் கட்டியும் கூடுதலாகவே அகற்றப்பட்டிருந்தது. நோயாளியே தன் பேச்சைக் காத்துக்கொள்ள எங்களுக்குத் துணை நிற்கும் இந்த முறையை நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன்.

5-ஏ.எல்.ஏ. என்ற மருந்தைக் குடித்தால் நீல ஒளியில் கட்டி சிவப்பாக ஒளிரும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். உயர்நிலைக் க்ளையோமாக்களில் அது பேருதவி. 2006இல் வெளியான 322 நோயாளிகளின் ஆய்வில், பளிச்சிடும் பகுதி முழுவதும் அகற்றப்பட்டவர்களின் விகிதம் 36 விழுக்காட்டிலிருந்து 65 ஆக உயர்ந்தது. மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ஆகவே உங்கள் மருத்துவர்கள் அதைப் பேசாதிருந்தால் கவலைப்பட வேண்டாம்.

காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு: நார்வேயில் இரண்டு மருத்துவமனைகளின் அனுபவத்தை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒன்றில் பயாப்ஸி மட்டும் எடுத்துக் கண்காணிப்பதையும், மற்றொன்றில் தொடக்கத்திலேயே கட்டியை அகற்றுவதையும் விரும்பிச் செய்தார்கள். ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு முன்னதில் 60 விழுக்காடு, பின்னதில் 74 விழுக்காடு. தொந்தரவு இல்லை என்பது கட்டி வளரவில்லை என்பதற்குச் சான்றாகாது என்று பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். இன்றே ஓட வேண்டிய அவசரமும் இல்லை. திட்டமிட்டுச் செய்ய வேண்டியது.

கார்முகில்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நடு முதுகில் வலி. படுத்தால் கூடுகிறது, இரவில் எழுப்பிவிடுகிறது. எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பில் பரவியிருப்பதாகவும், தண்டுவடத்தை இன்னும் அழுத்தவில்லை என்றும் அறிக்கை வந்திருக்கிறது. சாதாரணக் கதிர்வீச்சு போதுமா, துல்லியக் கதிர்வீச்சு என்று சொல்கிறார்களே, அதுதான் வேண்டுமா? அறுவை சிகிச்சை தேவைப்படுமா?

நெடுவானம்:

கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் இருப்பவன் என்ற முறையில் கார்முகில் அவர்களுக்கு முதலில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மாமியாருக்குக் கால்கள் பலமிழந்தாலோ, நடை தடுமாறினாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தண்டுவடம் அழுத்தப்பட்டால், சிகிச்சை தொடங்கும் வேளையில் நோயாளி நடந்துகொண்டிருந்தாரா என்பதுதான் பின்னர் அவர் நடப்பாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. படம் எடுக்கும்போதும் வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல் முழு முதுகெலும்பையும் எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பரவியிருப்பது அரிதல்ல.

வழக்கமான கதிர்வீச்சில் முதுகெலும்பும் அதற்குள் செல்லும் தண்டுவடமும் ஏறக்குறைய ஒரே அளவைப் பெறுகின்றன. தண்டுவடத்தின் தாங்குதிறனே கட்டிக்குக் கொடுக்கக்கூடிய அளவின் உச்ச வரம்பாகிவிடுகிறது. நீங்கள் கேட்ட துல்லியக் கதிர்வீச்சான ஸ்டீரியோடாக்டிக் முறையில், சிகிச்சை மேசையிலேயே படம் எடுத்து இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, தண்டுவடத்தின் விளிம்பில் அளவு செங்குத்தாகக் குறையும்படி கதிர்களைப் பல திசைகளிலிருந்து செலுத்துகிறோம். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு அமர்வுகளில் 24 கிரே (கதிர்வீச்சின் அளவலகு) கொடுத்த இந்த முறையில் மூன்று மாத முடிவில் 35 விழுக்காட்டினருக்கு வலி முற்றிலும் நீங்கியது. ஐந்து அமர்வுகளில் 20 கிரே கொடுத்த வழக்கமான முறையில் 14 விழுக்காட்டினருக்கே நீங்கியது. இதற்கு ஒரு விலையும் உண்டு: அதிக அளவு பெற்ற எலும்பு பின்னர் நொறுங்கக்கூடும். ஆகையால் எலும்பு உறுதியாக இருக்கிறதா என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். உறுதியற்ற எலும்பைக் கதிர்வீச்சு நிமிர்த்தி நிறுத்தாது, அதற்கு அறுவை மருத்துவர்தான் வேண்டும்.

தண்டுவடம் அழுத்தப்பட்டுவிட்ட நிலையில் கதை வேறு. 2005இல் வெளியான 101 நோயாளிகளின் ஆய்வில், அறுவை சிகிச்சையால் அழுத்தத்தை நீக்கிப் பிறகு கதிர்வீச்சு பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரும், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரும் நடக்க முடிந்தது. லிம்ஃபோமா, மைலோமா போன்று கதிர்வீச்சுக்கு விரைவில் கரையும் கட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இப்போது முழுக் கட்டியையும் வெட்டி எடுக்க முயலாமல், தண்டுவடத்துக்கும் கட்டிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளியை மட்டும் உருவாக்கிவிட்டு, மீதியைத் துல்லியக் கதிர்வீச்சிடம் விடும் போக்கு வளர்ந்திருக்கிறது. நோயாளியின் உடலுக்கு இது எவ்வளவோ இலகு. எலும்பைத் தாங்க உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் இழைத் திருகுகளைப் பொருத்தினால், பின்னர் எடுக்கும் படங்களும் தெளிவாக இருக்கும், கதிர்வீச்சுக் கணக்கும் பிழையின்றி அமையும்.

தண்டுவடத்தின் உள்ளேயே தோன்றும் எபெண்டிமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா போன்றவை இவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

வைகறை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர்களிடம் நார்வே ஆய்வைப் பற்றிச் சொன்னேன், அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். இன்னும் இரண்டு ஐயங்கள். மாத்திரையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அடுத்து, கதிர்வீச்சு முடிந்த பிறகு எடுத்த முதல் படத்திலேயே கட்டி பெரிதாகிவிட்டதாகச் சொல்லிச் சிலர் மனமுடைந்துபோவதைப் படித்தேன். அப்படியானால் சிகிச்சை பலிக்கவில்லை என்றா பொருள்?

நெடுவானம்:

பெரும்பாலும் அவசரப்பட்டு அப்படிச் சொல்ல முடியாது. கதிர்வீச்சும் கீமோதெரபியும் முடிந்த முதல் மூன்று மாதங்களுக்குள், சிகிச்சை ஏற்படுத்திய அழற்சியாலேயே இரத்தத் தடுப்பு தளர்ந்து காடோலினியம் கசிந்து, கட்டி வளர்ந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகலாம். டெமோசோலோமைடு என்ற கீமோதெரபி மருந்து நன்கு வேலை செய்யும் வகையைச் சேர்ந்த, எம்.ஜி.எம்.டி. மரபணு மெத்திலேற்றம் பெற்ற (அதாவது அடங்கியிருக்கும்) க்ளையோபிளாஸ்டோமா என்ற மிகத் தீவிரமான கட்டிகளில் இது கூடுதலாகவே காணப்படுகிறது. ஆகவேதான் சிகிச்சையின் பலனைப் படங்களில் அளக்க 2010இல் வகுக்கப்பட்ட ரானோ மதிப்பீட்டு விதிகள், முதல் 12 வாரங்களுக்குள், கதிர்வீச்சு பெற்ற எல்லைக்கு வெளியே புதிதாகத் தோன்றினாலோ திசுச் சோதனையில் உறுதியானாலோ அன்றி, நோய் முற்றியதாக முடிவு செய்யக்கூடாது என்றன. நோயாளி நலமாக இருக்கும்போது, நல்ல சிகிச்சையை ஒரே படத்தை நம்பி நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. பெர்ஃபியூஷன் எம்.ஆர்.ஐ.யும் அமினோ அமில பெட்டும் இங்கே மீண்டும் உதவுகின்றன. சில வாரங்கள் கழித்து எடுக்கும் மறுபடம் பெரும்பாலும் ஐயத்தைத் தீர்த்துவிடும்.

மாத்திரையின் பெயர் வோராசிடெனிப். ஐ.டி.எச். மாற்றமுள்ள, மெதுவாக வளரும் இரண்டாம் நிலைக் க்ளையோமாவுக்கு அறுவை சிகிச்சை மட்டும் பெற்று, கட்டி எஞ்சியோ மீண்டோ இருந்த 331 பேரிடம் நடத்தப்பட்ட இண்டிகோ ஆய்வு 2023இல் வெளியானது. நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 11.1 மாதங்கள், இந்த மருந்து பெற்றவர்களுக்கு 27.7 மாதங்கள். அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை. கதிர்வீச்சைத் தள்ளிப்போட உதவுகிறது என்பதே இதன் பெருமதிப்பு. ஆயுளை நீட்டுகிறது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. மறுபுறம், அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சோடு கீமோதெரபியையும் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 7.8 ஆண்டுகளிலிருந்து 13.3 ஆண்டுகளாக உயர்ந்ததை 2016இல் வெளியான ஆய்வு நிறுவியிருக்கிறது. புதியது என்பதற்காக மாத்திரையையும், பழையது என்பதற்காகக் கதிர்வீச்சையும் எடைபோட வேண்டாம். எஞ்சியிருக்கும் கட்டியின் அளவு, வயது, திசு அறிக்கை ஆகியவற்றை வைத்துக் குழுவாக முடிவெடுக்க வேண்டிய ஒன்று அது.

தெளிநீர்:

ஒரு சிறு சேர்க்கை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, மரபணுச் சோதனை இல்லாமல் க்ளையோமாவின் பெயரே முழுமையடையாது. எடுக்கும் திசுவில் ஐ.டி.எச். மாற்றமும் 1பி/19க்யூ என்ற குரோமோசோம் பகுதிகளின் இழப்பும் சோதிக்கப்படுமா என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அறுவை முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஓர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்; அதற்குப் பிறகு, ஆறும் காயமே பளிச்சிடத் தொடங்கி, எஞ்சிய கட்டி எது, காயம் எது என்று பிரிப்பது கடினமாகிவிடும். அந்தப் படத்தை அச்சிட்ட ஃபிலிமாக மட்டும் வாங்காமல் குறுந்தகட்டிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கப்போகும் ஒவ்வொரு படத்தையும் அதனோடுதான் ஒப்பிடுவோம்.